கடைசி மூவாயிரம் சுற்று

ஃபெராரி 12சிலிந்த்ரியின் பானெட்டுக்குக் கீல் மூக்குப் பக்கம் இருக்கிறது. முன்கண்ணாடிப் பக்கம் எழும்பி முன்னால் சாயும். முன் மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே தகடு என்பதால், திறந்ததும் வண்டியின் முன்பாதி முழுக்க வெளியே தெரியும். உள்ளே, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கின் மேல், சொரசொரப்பான சிவப்பு பெயின்ட் பூசிய இரண்டு மூடிகள். கொஞ்சம் குனிந்து பார்த்தால் இன்னொன்று புரியும்: இன்ஜின் முழுவதும் முன்சக்கர அச்சுக்குப் பின்னால், ஓட்டுநரின் காலை நெருங்கி உட்கார்ந்திருக்கிறது. இந்த வண்டி ஏன் பிடிக்கிறது என்பதற்கான விளக்கம் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

பெயரை 'தோதிச்சி சிலிந்த்ரி' என்று படிக்கவேண்டும். இத்தாலிய மொழியில் பன்னிரண்டு சிலிண்டர் என்று பொருள். 2024 மே மாதம் மியாமியில், ஃபெராரி அமெரிக்காவில் விற்பனை தொடங்கிய 70ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தில் அறிமுகமானது. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லை, மின்மோட்டார் இல்லை. 6.5 லிட்டர் வி12, இயற்கையாகக் காற்றை இழுத்துக்கொள்ளும் இன்ஜின். மற்ற எல்லாரும் எதையாவது சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சேர்க்காமல் விட்ட வண்டி இது. லம்போர்கினியின் ரெவுவெல்டோவில் வி12 இன்ஜினோடு மூன்று மின்மோட்டார்கள். மொத்தம் 1,015 குதிரைத்திறன். அதே 2024இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் வான்க்விஷில் 5.2 லிட்டர் வி12, இரண்டு டர்போ, 1,000 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசை. ஃபெராரியில் டார்க் 678 தான். தாளில் பார்த்தால் தோற்றுவிட்டது போலத் தோன்றும். அந்த 678 எப்படி வருகிறது, எங்கே வருகிறது என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

உச்ச டார்க் 7,250 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7,250 சுற்றில், கிடைக்கிறது. உச்ச சக்தி 830 குதிரைத்திறன், 9,250இல். சிவப்புக் கோடு 9,500. இந்த எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 830 மெட்ரிக் குதிரைத்திறன் என்பது சுமார் 610 கிலோவாட். 9,250 ஆர்பிஎம்மில் அந்தச் சக்தி வரவேண்டுமானால் அங்கே டார்க் கிட்டத்தட்ட 630 நியூட்டன் மீட்டர் இருந்தாகவேண்டும். அதாவது உச்சத்துக்கு மேல் இன்னும் 2,000 சுற்று ஏறியும் இன்ஜின் இழந்தது ஏழு சதவீதம். பெரிய டர்போ இன்ஜின்களில் பெரும்பாலும் 6,500ஐத் தாண்டினால் மூச்சு வாங்கும்; கியரை மாற்றிவிடலாம் என்று கை தானாகப் போகும். இங்கே 6,500 என்பது பாட்டின் நடுப்பகுதி. மீதி மூவாயிரம் சுற்றுக்காகத்தான் இந்த வண்டியை வாங்குகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

கீழே வலு இல்லையோ என்று பயப்படவும் வேண்டாம். 2,500 ஆர்பிஎம்மிலேயே உச்ச டார்க்கில் 80 சதவீதம் கிடைக்கிறது. 540 நியூட்டன் மீட்டருக்கு மேல். ஊருக்குள் மூன்றாவது, நான்காவது கியரில் முனகாமல் போகும்.

அவ்வளவு சுற்று எப்படிச் சாத்தியம்? சிலிண்டரின் விட்டம் 94 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 78 மி.மீ. 9,500 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு பிஸ்டனும் வினாடிக்கு 158 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. சராசரி வேகம் வினாடிக்கு 24.7 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பவேண்டும் என்பதால், பிஸ்டனையும் கிராங்க்ஷாஃப்ட்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல் விழும் இழுவிசை பயங்கரமானது. சுற்று இரட்டிப்பானால் அந்த விசை நான்கு மடங்காகும். எடையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் இதில் கனெக்டிங் ராடுகள் டைட்டானியம். அதே வலுவுள்ள எஃகு ராடை விட 40 சதவீதம் இலேசு. பிஸ்டனின் அலுமினியக் கலவையை மாற்றி 2 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். கிராங்க்ஷாஃப்ட்டை மறுபடி சமன்செய்து 3 சதவீதம். இரண்டும் மூன்றும் அற்பமாகத் தெரியலாம். ஆனால் வினாடிக்கு 158 தடவை நின்று திரும்பும் பொருளில் ஒவ்வொரு கிராமும் பேசும்.

வால்வு பக்கம் இன்னும் அழகு. வழக்கமான அமைப்பில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் முட்டு, கிண்ணம் போன்ற டாப்பெட்டை நேராக அழுத்தும். அந்தக் கிண்ணத்துக்கும் எடை உண்டு. வேகம் கூடும்போது ஸ்பிரிங்கால் அதைத் திரும்ப இழுக்க முடியாமல் வால்வு மிதக்க ஆரம்பிக்கும். 12சிலிந்த்ரியில் கிண்ணம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சிறு விரல் போன்ற நெம்புகோல் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு அசைகிறது. கேமும் விரலும் உராயும் இடத்தில் வைரம் போன்ற கரிமப் பூச்சு. அசையும் எடை குறைவதால் வால்வை இன்னும் உயரமாக, இன்னும் வேகமாகத் திறக்க முடிகிறது. பந்தய இன்ஜின்களிலிருந்து வந்த இந்த அமைப்பை 2021இல் வந்த 812 கொம்பெடித்ஸியோனே என்ற வண்டியில் வைத்தார்கள். அது கூரையுள்ள வடிவில் 999 மட்டுமே செய்யப்பட்டது. அந்த எண்ணிக்கைக்குள் அடைபட்டிருந்த இன்ஜின் இப்போது வரிசை வண்டிக்கு வந்திருக்கிறது.

சத்தத்தைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. காரணத்தைப் பற்றிக் குறைவு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும்; பன்னிரண்டு சிலிண்டர் என்றால் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது ஆறு வெடிப்பு. 9,500இல் வினாடிக்கு 950. அந்த 950தான் நம் காதுக்கு ஒரு சுரமாகக் கேட்கிறது. எட்டு சிலிண்டர் இன்ஜின் அந்தச் சுரத்தைத் தொடவேண்டுமானால் 14,000க்கு மேல் சுற்றவேண்டும். வி12 அமைப்பு இரண்டு ஆறு-சிலிண்டர் வரிசைகளைப் பக்கத்தில் வைத்தது போல. வரிசையான ஆறு சிலிண்டரில் பிஸ்டன்களின் அசைவுகள் ஒன்றையொன்று முழுக்க ரத்து செய்துவிடும் என்பதால், பெரிய இன்ஜினாக இருந்தும் ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் நடுக்கம் வராது. ஆனால் இந்த இன்ஜினின் இரண்டு வரிசைகளுக்கு இடையே கோணம் 65 டிகிரி, பாடப்புத்தகம் சொல்லும் 60 அல்ல. அதனால் வெடிப்புகள் சரிசமமாக 60 டிகிரிக்கு ஒன்று என்று வராமல் 65, 55 என்று மாறி மாறி வருகின்றன. 2002இல் என்ஸோ காரில் தொடங்கிய இந்த இன்ஜின் குடும்பம் முழுக்க இப்படித்தான். தூய கணக்குக்கு அது குறை. காதில் அது ஒரு சன்னமான கரகரப்பாக வந்து சேர்கிறது. நல்ல பாடகர் குரலில் இருக்கும் கரகரப்பு மாதிரி, அதை நீக்கினால் யாருடைய குரல் என்று தெரியாமல் போய்விடும்.

முந்தைய 812 சூப்பர்ஃபாஸ்ட்டில் டார்க் 718. இதில் 40 குறைவு. அந்த இழப்பை ஃபெராரி கியர்பாக்ஸில் ஈடுகட்டியிருக்கிறது. 812இல் ஏழு கியர். இதில் எட்டு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி. கீழ்க் கியர்களின் விகிதம் குறுகியிருப்பதால், இன்ஜினில் குறைந்த டார்க் சக்கரத்துக்குப் போகும்போது பெருகிவிடுகிறது. கியர்பாக்ஸ் பின்பக்கம், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலோடு சேர்ந்து இருக்கிறது. முன்னால் இவ்வளவு பெரிய இன்ஜினை வைத்துக்கொண்டும் எடையில் 48.4 சதவீதம்தான் முன்சக்கரங்களில், 51.6 பின்னால். முதல் பத்தியில் சொன்ன இன்ஜின் இருப்பிடத்தின் பயன் இது.

ஒரு விஷயத்தில் மட்டும் மென்பொருளின் கை இருக்கிறது. மூன்றாவது, நான்காவது கியரில் டார்க் ஏறும் விதத்தை மின்னணு முறையில் செதுக்கியிருக்கிறார்கள். மிதி முழுக்க அழுத்தினாலும் டார்க் மொத்தமாகக் கொட்டாமல், சுற்று ஏற ஏற வளர்ந்துகொண்டே போவது போல உடம்புக்குத் தெரியும். டர்போ வண்டிகளில் ஃபெராரி இதை முன்பே செய்தது. டர்போ இல்லாத இன்ஜினில் இதுதான் முதல் தடவை. இது ஒருவகை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலைச்சாலையில் அதிகம் பயன்படும் கியர்கள் அந்த இரண்டும்தான். வளைவை விட்டு வெளியே வரும்போது பின்டயர் எவ்வளவு தாங்கும் என்று கால் அளந்து கொடுக்க அந்தச் சாய்வு உதவுகிறது.

0விலிருந்து 100 கி.மீ. 2.9 வினாடி. 200க்கு 7.9க்குள். உச்ச வேகம் 340க்கு மேல். நல்ல எண்கள்தான், ஆனால் இதைவிடச் சீக்கிரம் 100ஐத் தொடும் மின்சாரக் குடும்பக் கார்கள் இருக்கின்றன, விலையும் இதில் ஒரு சிறு பகுதிதான். அந்தப் போட்டிக்காக இந்த வண்டியை வாங்க நினைப்பவர் வேறு வண்டி பார்க்கலாம்.

வடிவமைப்பு ஃப்ளாவியோ மன்ஸோனி தலைமையிலான ஃபெராரியின் சொந்தக் கூடம். முன்விளக்குகளை இணைக்கும் கறுப்புப் பட்டை, 1968இல் பாரிஸில் வந்த 365 ஜிடிபி/4ஐ, ஊர் 'டேடோனா' என்று அழைக்கும் காரை, உடனே நினைவுக்குக் கொண்டுவரும். ஆறு வெபர் கார்புரேட்டர், 352 குதிரைத்திறன், பின்னால் கியர்பாக்ஸ்: அமைப்பு அன்றும் இதுவேதான். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஃபெராரி முன்னால் வி12 வைத்த இரண்டு சீட்டுக் காரைச் செய்யவில்லை. 1996இல் 550 மாரனெல்லோதான் அந்த வரிசையை மீட்டது. 575எம், 599, எஃப்12, 812 என்று வந்து இங்கே நிற்கிறது. பின்பக்கம்தான் பலருக்குப் பிடிபடவில்லை. பின்கண்ணாடியும் இரு ஓரத்துத் தகடுகளும் சேர்ந்து ஒரு கறுப்பு முக்கோணமாகத் தெரியும். அந்த ஓரத் தகடுகள் அலங்காரத்துக்கு இல்லை. 60 கி.மீ. வரை படுத்திருக்கும், 60க்கும் 300க்கும் இடையில், பிரேக்கும் வளைவும் கேட்கும்போது 10 டிகிரி வரை எழும்பும், 250 கி.மீ. வேகத்தில் 50 கிலோ அழுத்தம் தரும்; 300ஐத் தாண்டினால் மறுபடி படுத்துவிடும். நிறம் தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வையுங்கள். கறுப்பு, அடர்நீலம் எடுத்தால் அந்த முக்கோணமும் முன்பட்டையும் உடம்போடு கரைந்து, வடிவமைப்பின் பாதி காணாமல் போகும். மஞ்சள், வெள்ளை, வெளிர்ச் சாம்பலில்தான் கோடுகள் பேசுகின்றன.

இது கிராண்ட் டூரர் வகை வண்டி. அந்தச் சொல்லுக்கு ஒரு கடமை உண்டு: இரண்டு பேர், அவர்களுடைய பெட்டி, ஒரு நாள் முழுக்கச் சாலை. டிக்கி 270 லிட்டர். இரண்டு மென்பைகளும் ஒரு கேபின் பெட்டியும் வைக்கலாம். கடினமான பெரிய சூட்கேஸை மறந்துவிடவேண்டும். பெட்ரோல் டாங்க் 92 லிட்டர். அதிகாரப்பூர்வக் கணக்கு 100 கி.மீ.க்கு 15.5 லிட்டர், அதாவது தாளில் 590 கி.மீ. மலைச்சாலையில் உற்சாகமாக ஓட்டினால் அதில் பாதியை எதிர்பாருங்கள். அகலம், கண்ணாடிகளோடு 2,176 மி.மீ. மொதேனாவிலிருந்து அபெனைன் மலை ஏறி அபெத்தோனே கணவாய்க்குப் போகும் எஸ்எஸ்12 சாலையில் இது பிரச்சினை இல்லை. வழியில் உள்ள பழைய ஊர்களின் சந்துகளுக்குள் புகுந்தால் பிரச்சினைதான். முன்சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும் நீளம், தரையோடு தாழ்வு. மூக்கை உயர்த்தும் லிஃப்டரை ஆர்டரிலேயே கேட்டுவிடுங்கள். பின்னால் வருத்தப்படவைக்கும் விடுபடல் இதுவாகத்தான் இருக்கும்.

சஸ்பென்ஷனில் காந்தத்தால் கெட்டிப்படும் திரவம் உள்ள ஷாக் அப்சார்பர்கள். ஸ்டியரிங்கில் இருக்கும் மனெட்டீனோ என்ற குமிழ் ஓட்டும் முறையை மாற்றும். அதையே உள்ளே அழுத்தினால் ஷாக் அப்சார்பர் மட்டும் மென்மையாகும். இன்ஜினும் கியரும் கூர்மையாக இருக்க, கரடுமுரடான சாலைக்கு உடம்பு மட்டும் தளரும். இத்தாலியின் ஒட்டுப்போட்ட மலைச்சாலைகளில் ரேஸ் முறையும் இந்த அழுத்தமும் சேர்ந்ததுதான் சரியான கலவை. நான்கு சக்கரமும் திரும்பும்; பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக. முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையேயான வீல்பேஸ் 812ஐ விட 20 மி.மீ. குறைந்து 2,700. இரண்டும் சேர்ந்து, முதல் அரைமணி நேரம் மூக்கு நாம் கேட்டதைவிட அதிகமாகத் திரும்புவது போல இருக்கும். அப்போது திருத்தித் திருத்திக் கையை ஆட்டக்கூடாது. வளைவுக்கு ஒரே ஒரு கோணம் கொடுத்துவிட்டுக் கையை நிலையாக வைத்தால் வண்டி சமாதானமாகும்.

குறை சொல்லவேண்டிய இடம் ஸ்டியரிங்கின் தொடுபொத்தான்கள். இன்ஜினைக் கிளப்புவதுகூட அழுந்தாத ஒரு தொடுபரப்பில்தான். 830 குதிரைத்திறனை எழுப்பும் செயல் விரலுக்கு எதையும் திருப்பித் தராமல் முடிந்துவிடுகிறது. வளைவில் கட்டைவிரல் தவறிப்பட்டு திரை மாறுவதும் நடக்கும். 2025இல் வந்த அமால்ஃபி என்ற காரில் ஃபெராரியே நிஜமான சிவப்பு ஸ்டார்ட் பொத்தானைத் திரும்ப வைத்துவிட்டது. அதுவே இந்தப் புகார் நியாயமானது என்பதற்குச் சான்று.

கூரை மடங்கும் ஸ்பைடர் எடுப்பதா? கடினக் கூரை 14 வினாடியில், 45 கி.மீ. வேகம் வரை ஓடிக்கொண்டே மடங்கும். எடை 60 கிலோ கூடுதல், டிக்கி 200 லிட்டராகச் சுருங்கும். இத்தாலியில் அறிமுக விலை கூரையுள்ளதற்கு 3,95,000 யூரோ, ஸ்பைடருக்கு 4,35,000. பயணம்தான் நோக்கம் என்றால் கூரையுள்ளது. சத்தம்தான் நோக்கம் என்றால் ஸ்பைடர். சுரங்கப்பாதைகள் மிகுந்த ஊரில் இருப்பவருக்கு இன்னும் பொருந்தும்.

வைத்துக்கொள்பவர்கள் கவனிக்கவேண்டியவை சில உண்டு. ஆயில் சூடாகாமல் இந்த இன்ஜினை உயரே ஓட்டாதீர்கள். தண்ணீர் சில நிமிடத்தில் சூடாகிவிடும். ஆயிலுக்கு அதைவிட நெடுநேரம் வேண்டும். தண்ணீரின் முள்ளைப் பார்த்துத் தயாராகிவிட்டது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. ஆயில் வெப்பநிலை காட்டும் பக்கத்தைத் திரையில் நிரந்தரமாக வைத்துக்கொண்டு, அது இயல்பு நிலைக்கு வரும்வரை 4,000க்குக் கீழேயே ஓட்டுங்கள். நிறுத்தி வைத்துச் சூடாக்குவதும் சரியல்ல; மெதுவாக ஓட்டினால்தான் கியர்பாக்ஸும் டயரும் சேர்ந்து சூடாகும். ஆயில் தனித் தொட்டியில் இருக்கும் டிரை சம்ப் அமைப்பு என்பதால் குளிர்ந்த நிலையில் அளவு பார்த்தால் பொய்யாகக் குறைவு காட்டலாம். அதை நம்பி ஊற்றினால் மிகுதி ஆயில் இன்டேக்குக்குள் போய்ப் புகைக்கும். சூடான இன்ஜினில், கையேட்டில் சொன்ன முறைப்படி மட்டும் அளக்கவேண்டும். அழுத்த விகிதம் 13.5 என்பதால் ஐரோப்பிய பெட்ரோல் பங்க்குகளில் 98 ஆக்டேனே போடுங்கள். தாழ்ந்த பெட்ரோலில், முறைதவறிய வெடிப்பை உணரும் நாக் சென்சார் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும், முதலில் காணாமல் போவது அந்த மேல்சுற்றுத் துடிப்புதான்.

பிரேக்குகள் கார்பன் செராமிக். முன்னால் 398 மி.மீ., பின்னால் 360 மி.மீ. தேய்மானம் மெதுவாகத்தான் வரும். அவை பெரும்பாலும் பாழாவது டயர் கடையில். சக்கரத்தைக் கழற்றும்போது கை தளர்ந்து ரிம் இடித்தால் டிஸ்க்கின் விளிம்பு சிதறும், டிஸ்க்கையே மாற்றவேண்டி வரும். போல்ட் துளையில் நீளமான கைடு பின் இரண்டு போட்டு, சக்கரத்தை நேராக வெளியே இழுக்கச் சொல்லுங்கள். பின் இல்லை என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடை பாருங்கள். வண்டியைக் கழுவிய பிறகு முதல் சில பிரேக் பிடிப்புகள் மந்தமாக இருக்கும். காலி இடத்தில் லேசாக நான்கைந்து தடவை மிதித்துக் காயவைத்துவிட்டுச் சாலைக்கு வாருங்கள்.

பின்டயர் 315/35 ஆர்21. இந்த வகை டயர் குளிரில் கல்லாகிவிடும். 10 டிகிரிக்குக் கீழே மனெட்டீனோவை ஈரச் சாலைக்கான வெட் முறையில் வையுங்கள், வெயில் அடித்தாலும் சரி. கொஞ்சம் ஓடிய வண்டியை வாங்குபவர் டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படிக்கவேண்டும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பள்ளம் முழுசாக இருந்தும் ரப்பர் செத்துப்போயிருப்பது அதிகம் ஓடாத கார்களில் சகஜம். இரட்டைக் கிளட்ச் பெட்டிக்குப் பிடிக்காதது ஒன்றே: சரிவில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது, அங்குலம் அங்குலமாக ஊர்வது. கிளட்ச் பாதி பிடித்து வழுக்கிக் கொதிக்கும். பார்க்கிங் சரிவில் பிரேக்கில் நின்று, இடம் கிடைத்ததும் ஒரே மூச்சில் ஏறுங்கள். ஓட்டாத நாட்களில் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டியே வையுங்கள். பேட்டரி இறங்கினால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகள் வரிசையாகத் திரையில் வரும், அதைப் பார்த்துப் பயந்து பணிமனைக்குத் தூக்கிப் போகிறவர்கள் நிறைய.

ஏழு வருட வழக்கமான சர்வீஸ் வண்டியின் விலையிலேயே அடக்கம், 20,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது. புத்தகத்தில் ஏழு முத்திரையும் விடுபடாமல் இருக்கிறதா என்பதைத்தான் இரண்டாவது உரிமையாளர் முதலில் பார்ப்பார். கிலோமீட்டர் குறைவாக இருப்பதை நான் சிறப்பாக எண்ணமாட்டேன். வாரம் ஒருமுறை மலை ஏறி இறங்கி, ஆயில் நன்றாகச் சூடாகி, 9,000ஐப் பலமுறை தொட்டுவந்த வி12, வருடத்துக்கு 300 கி.மீ. மட்டும் நகர்ந்த வி12ஐ விட ஆரோக்கியமாக இருக்கும்: சீல்கள் காயாது, ஆயிலில் ஈரம் தங்காது, புகைவடிகட்டியில் கரி சேராது. இரண்டில் ஒன்று கேட்டால் ஓடிய வண்டியை எடுங்கள்.